அந்த மனிதர்களை நம்பி எழுதுங்கள்

கற்காலக் கதைகளைத் திரைக்கு எழுதப்போகும் நண்பர்களுக்கு,

பனியுகம், வேட்டை, குகை, மாமூத் யானை என்று ஒரு கதையை மனத்தில் போட்டு வைத்திருப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எழுத உட்காரும் முன் ஒரு படத்தைப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். 2008 மார்ச்சில் வெளிவந்த '10,000 பி.சி.' என்ற படம். 'இண்டிபெண்டென்ஸ் டே', 'தி டே ஆஃப்டர் டுமாரோ' எடுத்த ரோலண்ட் எம்மரிக் இயக்கியது. செலவு பத்துக் கோடி டாலருக்கு மேல். நியூசிலாந்தின் மலைகளிலும் தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவின் பாலைவனத்திலும் படப்பிடிப்பு. கதை சொல்லும் குரல் ஓமர் ஷெரீஃபுடையது. தரை அதிர ஓடிவரும் மாமூத் கூட்டத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்ற ஆவலில் உலகம் முழுக்க மக்கள் டிக்கெட் வாங்கினார்கள். எனக்கும் அதே ஆவல் இருந்தது.

படம் முடிந்தபோது மனத்தில் மிஞ்சியது ஏக்கம். பணம் இருந்தது, உழைப்பு இருந்தது, மனித வரலாற்றிலேயே மிகச் சுவையான ஒரு காலகட்டம் கையில் இருந்தது. அத்தனையும் இருந்தும் வீணாய்ப் போனதே என்ற ஏக்கம். ஏன் வீணானது என்று வெளிப்படையாகப் பேசிவிட்டால் அடுத்து வரும் படமாவது பிழைக்கும்.

முதலில் நன்றாக இருந்ததைச் சொல்கிறேன். யாகால் என்ற சின்ன மலைக்குடி. அவர்களுக்கு மாமூத் வேட்டைதான் வாழ்வு. கூட்டத்தை விட்டுப் போன தகப்பனால் கோழையின் மகன் என்ற பேச்சைச் சுமந்து வளர்ந்தவன் டெலே. வேட்டை நாள் வருகிறது. மேயும் மாமூத்துகளுக்கு நடுவே ஆண்கள் புல்லோடு புல்லாக ஊர்ந்து போகிறார்கள். கூட்டத்தை விரட்டி, பெரிய ஆண் மாமூத் ஒன்றின் மேல் வலை போடுகிறார்கள். அது வலையோடு எல்லாரையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒவ்வொருவராகப் பிடியை விடுகிறார்கள். டெலேயின் கை மட்டும் வலையில் சிக்கிக்கொள்கிறது. விட நினைத்தும் அவனால் விட முடியவில்லை. கடைசியில் பாறையிடுக்கில் குத்திட்டு நின்ற ஈட்டியில் விலங்கு தானே வந்து பாய்ந்து சாகிறது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, கடைசிவரை வலையை விடாத வீரன் அவன். தலைமைக்கு அடையாளமான வெள்ளை ஈட்டி அவன் கைக்கு வருகிறது, அவன் விரும்பிய பெண் எவோலெட்டும் அவனுக்கே என்றாகிறது. ஆனால் நடந்தது என்னவென்று அவனுக்குத் தெரியும். அன்று இரவே ஈட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

இந்தக் காட்சி எவ்வளவு அருமையான தொடக்கம் என்று பாருங்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஒரு கூட்டத்தில், பொய்யான பெருமையோடு ஒருவன் எப்படி வாழ்வான்? உண்மையைச் சொன்ன பிறகு அவனுக்கு அங்கே என்ன இடம்? கூட்டாக வேட்டையாடுகிறவர்களிடையே வீரம் என்பது யாருடைய சொத்து? இந்தக் கேள்விகளை வைத்தே இரண்டு மணி நேரம் ஓட்டியிருக்கலாம்.

படம் அவற்றை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுகிறது. குதிரைமேல் கொள்ளையர்கள் வருகிறார்கள், எவோலெட்டையும் இன்னும் பலரையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். டெலே அவர்களைத் தேடிக் கிளம்புகிறான். பனிமலையைத் தாண்டினால் அடர்ந்த காடு, காட்டைத் தாண்டினால் புல்வெளி, அதற்கும் அப்பால் பாலைவனம், பாய்மரக் கப்பல் போகும் பேராறு, கடைசியில் மாமூத்துகள் கல் இழுக்கக் கட்டப்படும் பிரமிடுகள். அவற்றின் உச்சியில் கடவுளாகத் தன்னை அறிவித்துக்கொண்ட ஓர் அரசன்.

வழியில் வெள்ளம் ஏறும் குழி ஒன்றில் மாட்டிக்கொண்ட வாள்பல் புலியை டெலே விடுவிக்கிறான். பிறகு அதே புலி வந்து அவனை ஒன்றும் செய்யாமல் போய்விடுகிறது. இப்படி ஒருவன் வருவான் என்று தங்கள் முன்னோர் சொல்லியிருப்பதாக நாக்கு என்ற குடியினர் அவனைத் தலைவனாக ஏற்கிறார்கள். நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தற்செயலாக வந்த பெருமை வேண்டாம் என்று ஈட்டியைத் திருப்பித் தந்தவனுக்கு, இங்கே அதைவிடப் பெரிய பெருமை இன்னொரு தற்செயலால் கிடைக்கிறது. பல குடிகளின் படையே அவன் பின்னால் திரள்கிறது. இப்போது அவன் மனத்தில் அந்தப் பழைய கேள்வி எழுவதில்லை, படத்துக்கும் அது நினைவில்லை. பாத்திரத்தின் உயிர் இங்கேதான் போகிறது. அதற்குப் பிறகு என்ன சண்டை வந்தாலும் எனக்குப் பதற்றம் வரவில்லை. கடைசியில் அம்பு பட்டு இறந்த எவோலெட்டுக்கு, எங்கோ தொலைவில் இருக்கும் யாகால் குடியின் கிழத்தாய் தன் மூச்சைக் கொடுத்து உயிர்ப்பிக்கிறாள். மரணத்துக்கும் எடை இல்லாமல் போகிறது.

இந்தப் படத்தைக் குறை சொன்னவர்களில் பலர் அதன் காலப்பிழைகளைத்தான் பட்டியலிட்டார்கள். பிழைகள் உண்மைதான். கீசாவின் பெரிய பிரமிடு எழுந்தது கி.மு. 2600ஐ ஒட்டி. அதற்கும் நமக்கும் இடையே சுமார் 4,600 ஆண்டு. அதற்கும் இந்தக் கதை நடக்கும் காலத்துக்கும் இடையே 7,000 ஆண்டுக்கு மேல். குதிரையில் மனிதன் ஏறியதும், பாய்மரம் கட்டியதும் இந்தக் காலத்துக்குப் பல்லாயிரம் ஆண்டு பிந்தியவை. வாள்பல் புலிகளில் பெயர்பெற்ற இனம் வாழ்ந்தது அமெரிக்கக் கண்டங்களில்.

ஆனால் பிழைகளால் மட்டும் ஒரு படம் கெடுவதில்லை. 1981இல் ஜான் ஜாக் அன்னோ எடுத்த 'குவெஸ்ட் ஃபார் ஃபயர்' என்ற படத்தில் ஆய்வாளர்கள் ஒப்பாத விஷயங்கள் நிறைய உண்டு. வெவ்வேறு வளர்ச்சி நிலையில் உள்ள மனித இனங்கள் அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளில் வசிப்பதாக அது காட்டுகிறது. அதில் வரும் மாமூத்துகள், ரோம உடை போர்த்திய சர்க்கஸ் யானைகள். செலவு எம்மரிக் படத்தோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான். இருந்தும் அந்தப் படத்தில் ஒரு காட்சி வரும். நரமாமிசம் தின்னும் பகைக்கூட்டம் ஒருபக்கம், மாமூத் மந்தை மறுபக்கம். தப்பிக்க வழியில்லாத நாயகன் கைநிறையப் புல்லைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, உடம்பைத் தாழ்த்தி, நடுங்கியபடி மந்தையின் தலைவனிடம் நீட்டுகிறான். யானை துதிக்கையை நீட்டி வாங்கிக்கொள்கிறது. அந்த நடுக்கம் பார்க்கிற நம் உடம்புக்கும் வருகிறது. அவன் அந்த விலங்கை முழுசாக நம்புகிறான், அஞ்சுகிறான், மதிக்கிறான். இயக்குநர் அவனை நம்புகிறார். அவர்களின் பேச்சுக்காக எழுத்தாளர் அந்தோணி பர்ஜெஸ் தனி மொழியை ஆக்கித் தந்தார், உடல்மொழியை விலங்கியலாளர் டெஸ்மண்ட் மாரிஸ் வடிவமைத்தார். தெரிந்த மொழியில் ஒரு சொல் இல்லாமலே நமக்குக் கதை புரிந்துவிடுகிறது.

'10,000 பி.சி.'யில் இல்லாமல் போனது இந்த நம்பிக்கை. பன்னிரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதர்களின் வாழ்க்கையிலேயே போதுமான கதை இருக்கிறது என்று அதை எழுதியவர்கள் நம்பவில்லை. அதனால் அரசனைப் பிற்காலத்திலிருந்து கடன் வாங்கினார்கள். அடிமைகளையும் பிரமிடுகளையும் அங்கிருந்தே கொண்டுவந்தார்கள். அதுவும் போதாதென்று, அந்த ஆளும் கூட்டம் விண்மீன்களிலிருந்து வந்தது என்றோ, கடலில் மூழ்கிய நாட்டிலிருந்து வந்தது என்றோ ஒரு பேச்சையும் நுழைத்தார்கள். முடிவில் யாகால் குடிக்கு விதைகளைப் பரிசாகக் கொடுத்து விவசாயத்தைத் தொடங்கி வைத்தார்கள். இதில் எதையும் அந்த மனிதர்கள் தாங்களே யோசித்துச் செய்யவில்லை. வரவேண்டியதெல்லாம் வெளியிலிருந்து வருகிறது, நடக்கவேண்டியதெல்லாம் முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. என் மனத்தாங்கல் முழுவதும் இதுதான். நமக்கு அறிவும் அன்பும் கைத்திறனும் தந்தவர்களை, யாராவது வந்து மீட்கும்வரை காத்திருந்தவர்களாகக் காட்டுவது பெரிய அநியாயம்.

அதே காலத்தில் நிலம் எதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

படம் வந்த அதே 2008இல், வடக்கு இஸ்ரேலில் ஹிலாசோன் தக்டிட் என்ற குகையில் கிடைத்த ஒரு புதைகுழியைப் பற்றி எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் லியோர் குரோஸ்மனும் உடனாய்வாளர்களும் எழுதினார்கள். காலம் சுமார் 12,000 ஆண்டுக்கு முன், அதாவது படத்தின் தலைப்பில் உள்ள அதே காலம். குழியில் இருந்தவள் ஏறக்குறைய 45 வயதுப் பெண், உயரம் ஐந்தடிக்கும் குறைவு. இடுப்பெலும்பு பிறவியிலேயே கோணலானது. காலை இழுத்து இழுத்துத்தான் நடந்திருப்பாள். அவளைச் சுற்றி ஐம்பது ஆமை ஓடுகள். பொன்னிறக் கழுகின் சிறகு, சிறுத்தையின் இடுப்பெலும்பு, காட்டுமாட்டின் வால், காட்டுப்பன்றியின் முன்னங்கால். இன்னொரு மனிதரின் முழுப் பாதம் ஒன்று. உடம்பின்மேல் பெரிய கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அடக்கத்தின்போது எழுபதுக்கும் மேற்பட்ட ஆமைகளைச் சமைத்து விருந்துண்டதற்கு அடையாளங்கள் உண்டு. அவள் பூசாரியாக, வைத்தியச்சியாக இருந்திருப்பாள் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து.

அவளை வைத்து ஒரு திரைக்கதையை யோசியுங்கள். அத்தனை ஆமைகளை ஒரே நாளில் பிடிக்க முடியாது. பல நாள், பல பேர் தேடிச் சேர்த்திருக்க வேண்டும். சிறுத்தையையும் கழுகையும் யார் கொன்றார்கள், எப்போது? அவள் இறக்கப்போகிறாள் என்று தெரிந்து முன்கூட்டியே ஏற்பாடு நடந்ததா? ஊனத்தோடு பிறந்த ஒரு குழந்தையை, ஓடியாடி உணவு தேடும் அந்தக் கூட்டம் எப்படி வளர்த்து 45 வயதுவரை காப்பாற்றியது? அந்தப் பாதம் யாருடையது? எம்மரிக் படத்திலும் ஒரு கிழத்தாய் உண்டு. குறி சொல்வதற்கும் கடைசியில் உயிர் கொடுப்பதற்கும் தவிர அவளுக்கு அங்கே வேலையில்லை. மண்ணுக்குள் கிடைத்தவளோ தன் ஒருத்தியாலேயே ஒரு படத்தைத் தாங்குவாள்.

பிரமாண்டம்தான் வேண்டும் என்றால் அதற்கும் குறைவில்லை. தென்கிழக்குத் துருக்கியில் கோபெக்லி தெபே என்ற குன்று இருக்கிறது. ஜெர்மானியத் தொல்லியலாளர் கிளாஸ் ஷ்மிட் 1995இல் அங்கே அகழத் தொடங்கினார். கி.மு. 9500 வாக்கில் தொடங்கி எழுப்பிய வட்ட மண்டபங்கள் வெளிப்பட்டன. நடுவில் 'டி' எழுத்து வடிவில் செதுக்கிய இரட்டைத் தூண்கள், ஐந்தரை மீட்டர் உயரம், பல டன் எடை. உற்றுப் பார்த்தால் அவை மனித உருவங்கள். பக்கவாட்டில் கைகள் இறங்கி வந்து, வயிற்றின் முன்னால் விரல்கள் ஒன்றையொன்று நோக்கி நீள்கின்றன. இடுப்பில் பட்டை, அதிலிருந்து தொங்கும் நரித்தோல். மற்ற தூண்களில் பாம்பு, நரி, காட்டுப்பன்றி, கழுகு, தேள். இதைச் செய்தவர்களிடம் உலோகம் இல்லை, சக்கரம் இல்லை, மட்பாண்டம் இல்லை. அரசன் இருந்ததற்கு அடையாளமும் இல்லை. கல்லால் கல்லைச் செதுக்கி, தோள்கொடுத்து இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். சவுக்கால் அடித்து வேலை வாங்க ஆளில்லாத இடத்தில் இத்தனை பேரை ஒன்றுசேர்த்தது எது? நம்பிக்கையா, விருந்தா, உறவா, போட்டியா? ஆய்வாளர்கள் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கும் இந்தக் கேள்விக்கு முன்னால் மாமூத் இழுக்கும் பிரமிடு பொம்மை விளையாட்டாகத் தெரிகிறது. படம் எடுத்த காலத்தில் கோபெக்லி தெபே ஆய்வுலகுக்கு நன்கு தெரிந்த இடம்.

விதை வந்த கதையும் அப்படித்தான். ஜோர்டானின் வடகிழக்குப் பாலையில், ஷுபைக்கா என்னுமிடத்து அடுப்பில் கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்தன. வயது சுமார் 14,400 ஆண்டு. விவசாயம் தொடங்குவதற்கு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டு முன்பே காட்டுத் தானியத்தையும் கிழங்கையும் அரைத்து, பிசைந்து, சுட்டுத் தின்றிருக்கிறார்கள். எந்தப் புல் எப்போது முற்றும், எதை உதிராமல் அறுக்கலாம் என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்தவர்களின் கையில்தான் பயிர் உருவானது. ஐன்கார்ன் என்ற தொல்கோதுமையின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அது பயிரான இடம் கோபெக்லி தெபேக்குப் பக்கத்திலுள்ள மலைப்பகுதியாக இருக்கலாம் என்று 1997இல் சொன்னார்கள். ஒரு பை விதையைக் கையில் கொடுத்தனுப்பிய முடிவில், இத்தனை ஆயிரம் ஆண்டு உழைப்பும் காணாமல் போய்விடுகிறது.

சாகசம் இல்லாமல் யார் பார்ப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஒயிட் சாண்ட்ஸ் என்ற வறண்ட ஏரிப்படுகையில் 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட காலடித்தடங்களைப் பாருங்கள். பத்தாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை. ஒரு பெண்ணோ இளைஞனோ வழுக்கும் சேற்றில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நேர்க்கோடாக, வேகவேகமாக நடந்து போகிறார். மூன்று வயதுகூட ஆகாத குழந்தை இடுப்பில். சில இடங்களில் குழந்தையின் சின்னத் தடங்கள் பக்கத்தில் பதிகின்றன. கை மாற்றிக்கொள்ளவோ மூச்சு வாங்கவோ இறக்கி விட்டிருக்கிறார். சில மணி நேரம் கழித்து அதே வழியில் அதே ஆள் திரும்புகிறார், இந்த முறை குழந்தை இல்லை. இரண்டு நடைக்கும் இடையில் ஒரு மாமூத் அந்தத் தடத்தைக் கடந்து பேசாமல் போயிருக்கிறது. நிலத்தில் வாழும் ராட்சத ஸ்லாத் என்ற விலங்கு ஒன்றோ, மனிதத் தடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பின்னங்காலில் எழுந்து நின்று திரும்பிப் பார்த்திருக்கிறது.

குழந்தையை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்? ஏன் அவ்வளவு அவசரம்? அந்தச் சேற்றுவெளியில் எத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன? இதைவிடப் பதற்றமான சாகசம் எனக்குத் தெரியாது. கொள்ளையரும் வேண்டாம், குறியும் வேண்டாம்.

தயாரிப்பாளர்கள் சொல்லப்போகும் இன்னொரு வாதமும் எனக்குத் தெரியும். '10,000 பி.சி.' உலக அளவில் 26 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, நஷ்டப்படவில்லை. உண்மை. ஆனால் மக்கள் எதை நம்பி வந்தார்கள் என்று யோசியுங்கள். விளம்பரத்தில் மாமூத்தும் வாள்பல் புலியும் வந்தன, தலைப்பில் ஓர் ஆண்டு இருந்தது. அறியாத ஒரு காலத்துக்குள் போகலாம் என்ற ஆசைதான் அவர்களைத் தியேட்டருக்கு அழைத்து வந்தது. அந்த ஆசை உண்மையானது, இன்றும் இருக்கிறது. பத்தாண்டு கழித்து 2018இல் வந்த 'ஆல்ஃபா', புதிதாக உருவாக்கிய மொழியிலேயே பாத்திரங்களைப் பேசவைத்து, ஒரு சிறுவனும் ஓநாயும் நட்பாகும் கதையை நேர்மையாகச் சொல்லிப் பார்த்தது. நம்மை நம்பி எடுக்கும் படத்துக்கு நாமும் நம்பி வருவோம்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

கதையின் ஒரு வரியை எழுதும் முன் தொல்லியல் படித்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். படம் முடிந்த பிறகு பிழை திருத்த அவரைக் கூப்பிடாதீர்கள். கதையே அவரிடமிருந்துதான் கிடைக்கும்.

குறி, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவன், தீர்க்கதரிசனம் ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். தனியாகப் பிழைக்க முடியாத காலம் அது. கூட்டமாகத் தப்பிப்பதும் கூட்டத்துக்குள் மோதுவதும்தான் அங்கே நாடகம்.

பெண்களை மீட்கப்படும் பரிசாக எழுதாதீர்கள். எந்த வேரைத் தின்றால் உயிர் போகும், எது பசியாற்றும் என்று தெரிந்தவர்கள் கூட்டத்தையே காத்தார்கள். முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் இடம் கொடுங்கள். அவர்கள் இருந்தார்கள் என்று புதைகுழிகள் சாட்சி சொல்கின்றன.

எல்லாவற்றையும் பின்னணிக் குரலில் சொல்லித் தீர்க்காதீர்கள். ஓமர் ஷெரீஃபின் குரல் அழகானது. ஆனால் டெலேயின் மனத்தில் ஓடுவதை அது முன்கூட்டியே சொல்லிவிடும்போது, அவன் முகத்தைப் பார்க்க நமக்குக் காரணம் இல்லாமல் போகிறது.

உங்கள் பாத்திரங்களின் சிக்கலை அவர்களே தீர்க்கட்டும். கல்லும் எலும்பும் தீயும் ஒருவருக்கொருவர் துணையும்தான் அவர்களிடம் இருந்தன. அவற்றை வைத்தே பனியுகத்தைக் கடந்து நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தத் திறமையை உங்கள் திரைக்கதை மதித்தால் போதும்.

இதற்கெல்லாம் பணம் போட யாரும் முன்வர மாட்டார்கள் என்று சோர்ந்துவிடாதீர்கள். பிரமிடு மாதிரி பெரிதாக ஏதாவது வைக்கலாமே என்று கேட்பவரிடம், கோபெக்லி தெபேயின் தூண்களைப் படத்தில் காட்டி, அவை எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று சொல்லுங்கள். கடன் வாங்காமலே பிரமாண்டம் உங்கள் கையில் இருக்கிறது என்பது அவருக்கும் புரியும். துணிந்து எழுதுங்கள். அந்தப் படத்தை முதல் நாளே பார்க்க என்னைப் போல நிறையப் பேர் காத்திருக்கிறோம்.

மிகுந்த அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் ரசிகர்களில் ஒருவர்